செங்கோட்டைக்காரரிடம் கேட்ட ஜாமீன், கம்பெனியிடம் கேட்கும் ஜாமீன்



போன வாரம் குற்றாலத்தில் சாரல் கட்டி, ஐந்தருவிப் பக்கம் போக முடியாத அளவுக்குக் கூட்டம். வீட்டிலேயே உட்கார்ந்து பழைய சட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு முப்பத்து நான்கு வருஷம் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் வரலாறு நடத்தியவனுக்குச் சட்டப் புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். படித்ததில் நம் ஊர் எல்லையைப் பற்றி ஒரு விஷயம் கிடைத்தது. அதை முதலில் சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டு கிலோமீட்டர்தான். இன்று டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் கிழிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம் மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூரில், கடைசி சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டை மகாராஜாவின் சீமை. சுங்கச்சாவடி இருந்தது, அரிசி கடத்தினார்கள் என்றெல்லாம் உங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கோர்ட் விஷயத்தில் இந்த எல்லை என்ன செய்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 25-ஆவது கட்டளை என்று ஒன்று உண்டு. வழக்குப் போடுகிறவர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவராக இருந்து, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அவருக்குப் போதுமான அசையாச் சொத்தும் இல்லாவிட்டால், "நீ தோற்றுப்போனால் எதிராளிக்கு ஆகும் வழக்குச் செலவைக் கொடுப்பதற்கு முதலில் ஜாமீன் கட்டு" என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம். வழக்கு எந்தச் சொத்தைப் பற்றியதோ அந்தச் சொத்து இந்தக் கணக்கில் சேராது. உத்தரவுப்படி கட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

இதைச் செங்கோட்டைக்குப் பொருத்திப் பாருங்கள். செங்கோட்டையில் ஒரு பலசரக்கு வியாபாரி. தென்காசிக் கடைக்காரர் ஒருவர் அவருக்குக் கடன் பாக்கி. எட்டு கிலோமீட்டர் வில் வண்டியில் வந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் வெளிநாட்டுக்காரர். பிரதிவாதியின் வக்கீல் எழுந்து, "வாதி பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பவர் அல்ல, இங்கே ஒரு செண்டு நிலமும் இல்லை, ஜாமீன் கட்டச் சொல்ல வேண்டும்" என்று மனுப் போட வழி இருந்தது. அதே வியாபாரிக்கு இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு துண்டு வயல் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பாருங்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர், பினாங்கு என்று போய்ப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்! கடல் தாண்டி இருந்தாலும், ஊரில் நல்ல மதிப்புள்ள நஞ்சை ஒன்று அவர்கள் பேரில் இருந்தால் இந்த ஜாமீனுக்கு அவர்களைக் கூப்பிட முடியாது. எட்டு கிலோமீட்டரில் இருப்பவர் ஜாமீன் கட்ட வேண்டும், கப்பலில் போனவர் கட்ட வேண்டாம். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது. தோற்ற வாதியிடம் செலவுத் தொகையை வசூலிக்க அமீனா ஜப்தி உத்தரவோடு போக வேண்டும். அவர் எல்லையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குள் போய்ச் செம்பையும் தவலையையும் தூக்கி வர முடியாது. நஞ்சை நிலமோ எங்கேயும் ஓடாது.

இப்போது கட்டளை 25 எப்படி இருக்கிறது என்றால், வாதி இந்தியாவுக்கு வெளியே வசித்து, இங்கே போதுமான அசையாச் சொத்தும் இல்லாவிட்டால் நீதிமன்றம் ஜாமீன் கேட்டே ஆக வேண்டும். மற்ற வாதிகளிடம், காரணத்தை எழுதிவைத்துக் கேட்கலாம். "கேட்டே ஆக வேண்டும்", "கேட்கலாம்" என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நான் சொல்ல வந்த கதை முழுவதும் இருக்கிறது.

அதற்கு முன், அந்தப் பழைய கட்டளையில் இருந்த இன்னொரு வரி. என் மாணவிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1908-இல் எழுதியபடி, பணம் கேட்டுப் போடும் வழக்கில் வாதி ஒரு பெண்ணாக இருந்து, அவளுக்குப் போதுமான அசையாச் சொத்து இல்லாவிட்டால், அவளிடமும் ஜாமீன் கேட்கலாம். அவள் உள்ளூர்க்காரியாக, கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருப்பவளாக இருந்தாலும் சரி. சொத்தில்லாத ஆணுக்கு இந்த விதி இல்லை. பெண்ணுக்கு மட்டும்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எத்தனை பெண்களின் பேரில் நிலம் இருந்தது? தகப்பன் சொத்தில் மகனுக்குப் பங்கு, மகளுக்குச் சீர். முதலில் சட்டம் அவளுக்குச் சொத்து வராமல் பார்த்துக்கொண்டது. பிறகு அதே சட்டம், "உனக்குச் சொத்து இல்லையே, எதை நம்பி உன் வழக்கை எடுப்பது?" என்று கேட்டது. கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஏன் நீந்தவில்லை என்று கேட்பதை வேறு எப்படிச் சொல்வது? அறுத்துக் கட்டிய நகையை ஒருவரிடம் கொடுத்துவைத்து ஏமாந்த விதவை ஒருத்தி பணம் கேட்டு வழக்குப் போட்டால், ஏமாற்றியவனே எழுந்து ஜாமீன் கேட்க முடியும்.

இந்த வரி 1956-இல்தான் எடுக்கப்பட்டது. அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வகுப்பில் நான் 1956 என்றால் மொழிவாரி மாநிலங்கள் என்று மட்டும் சொல்லி உங்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பேன். அதே 1956-இல்தான் ஜூன் மாதம் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து மகளுக்குத் தகப்பனின் தனிச் சொத்தில் பங்கு கிடைத்தது. (பூர்வீகச் சொத்தில் சம பங்கு நம் மாநிலத்தில் 1989-இல்தான் வந்தது.) அதே வருஷம் நவம்பரில் செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி புதிய கம்பெனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 632-ஆவது பிரிவு லிமிடெட் கம்பெனிகளிடம் இந்த ஜாமீனைக் கேட்பது பற்றி. அதாவது பெண்ணிடம் கேட்டது போயிற்று, கம்பெனியிடம் கேட்பது தொடர்ந்தது. ஒரே ஆண்டில் பாராளுமன்றம் இரண்டையும் செய்திருக்கிறது. முரண்பாடு என்று தோன்றுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லிமிடெட் கம்பெனி என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். நாலு பேர் சேர்ந்து கூட்டு வியாபாரம் செய்து நொடித்துப்போனால், கடன்காரன் நாலு பேர் வீட்டுக் கதவையும் தட்டலாம். கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டால் தட்ட முடியாது. கம்பெனி தனி ஆள். அதன் கடன் அதற்கு. பங்குதாரர் போட்ட பணம் போனால் போனதுதான், அதற்கு மேல் அவர் வீட்டுப் படியில் யாரும் ஏற முடியாது. இங்கிலாந்தில் 1855-இல் இந்தப் பாதுகாப்பைச் சட்டமாக்கினார்கள். இந்தியாவில் 1857-இல் வந்தது.

இந்தப் பாதுகாப்பு இல்லாமல் ரயில் வராது, மில் வராது, கப்பல் வராது. அது உண்மை. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டையும் இருந்தது. கையில் காலணா இல்லாத ஒரு கம்பெனி யார் மீதும் வழக்குப் போடலாம். ஜெயித்தால் முதலாளிகளுக்கு லாபம். தோற்றால் செலவுத் தொகைக்குக் கம்பெனியிடம் போனால் பெயர்ப் பலகையும் இரண்டு நாற்காலியும்தான் மிச்சம். பின்னாலிருந்து ஆட்டியவர்களைத் தொட முடியாது. ஆகவே 1862-இல் இங்கிலாந்துக் கம்பெனிச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் அந்த ஓட்டைக்கு ஒரு ஒட்டுப் போட்டார்கள். வாதி லிமிடெட் கம்பெனியாக இருந்து, பிரதிவாதி ஜெயித்தால் அவருடைய செலவைக் கொடுக்கக் கம்பெனியிடம் வசதி இருக்காது என்று நம்பக் காரணம் இருந்தால், நீதிபதி ஜாமீன் கேட்கலாம், கட்டும்வரை வழக்கை நிறுத்தி வைக்கலாம். நம் நாட்டு 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் இதுவே 280-ஆவது பிரிவு. 1956-இல் 632. சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு: உங்கள் ஊர்க் கம்பெனிச் சட்டத்தில் 388-ஆவது பிரிவைப் பாருங்கள், இதே சரக்குதான்.

தனி மனிதனிடம் இப்படிக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழை என்பதற்காக ஒருவனைக் கோர்ட் வாசலில் நிறுத்தக் கூடாது என்பது இங்கிலாந்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறுதியாகிவிட்ட கொள்கை. இங்கே ஒரு படி மேலே போய், கோர்ட் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் கட்டணமில்லாமல் வழக்குப் போட 33-ஆவது கட்டளை இருக்கிறது. பழைய ஆட்கள் பாப்பர் தாவா என்பார்கள். பெண்ணின் ஏழ்மை அவள் தேடிக்கொண்டது அல்ல, அவள் மீது சுமத்தப்பட்டது. கம்பெனியின் ஏழ்மை பல நேரம் முதலாளிகள் வேண்டுமென்றே கட்டிக்கொண்ட சுவர். அதனால்தான் 1956-இல் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்ததில் முரண்பாடு இல்லை என்கிறேன்.

நான் ஏன் இந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்று சொல்கிறேன். என் பழைய மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், குற்றாலம் ரோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறாள். கணவர் இல்லை. சீசனுக்குத் தங்கும் குடில்கள் கட்டப்போகிறோம் என்று ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி குத்தகைக்குக் கேட்டது. முதல் வருஷத் தொகையில் பாதி கொடுத்தார்கள். பத்து மரத்தை வெட்டினார்கள், நாலு தூண் எழுப்பினார்கள், அப்புறம் ஆளைக் காணோம். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டு அவள் தன் தோப்பைத் தானே பூட்டிக்கொண்டாள். இப்போது அந்தக் கம்பெனி, ஒப்பந்தத்தை மீறிவிட்டாள், எங்களுக்கு வர வேண்டிய லாபம் போயிற்று என்று பெரிய தொகை கேட்டு அவள் மீது வழக்குப் போட்டிருக்கிறது.

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சார், நான் ஜெயிச்சா வக்கீலுக்குக் கொடுத்ததெல்லாம் திரும்பி வருமா?" மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையலை அடகு வைத்துத்தான் முதல் தவணை கொடுத்திருக்கிறாள்.

அந்தக் கம்பெனியின் கணக்குகளை அவளுடைய வக்கீல் அரசாங்கப் பதிவிலிருந்து எடுத்துப் பார்த்தார். செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு லட்சம். சொந்த நிலம், கட்டடம் எதுவும் இல்லை. சென்னையில் வாடகை முகவரி. வக்கீல் கட்டளை 25-இன் கீழ் மனுப் போட்டிருக்கிறார். கம்பெனி இந்தியாவில் உள்ளது என்பதால் "கேட்டே ஆக வேண்டும்" என்ற பகுதி பொருந்தாது, "கேட்கலாம்" பகுதிதான். ஆகவே நீதிபதியை நம்ப வைக்க வேண்டும். எதிர் மனுவில் கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? "எங்களிடம் பணம் இல்லாமல் போனதற்கே இந்த அம்மாள் தோப்பைப் பூட்டியதுதான் காரணம்."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வரலாறு நடத்தியவன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த வாதம் எல்லா இடத்திலும் பொய்யாக இருக்காது. 1973-இல் இங்கிலாந்தில் சர் லிண்ட்சே பார்க்கின்சன் என்ற பெரிய கட்டுமான நிறுவனத்துக்கும் டிரிப்ளான் என்ற சின்னக் கம்பெனிக்கும் ஒரு வழக்கு. சின்னக் கம்பெனியிடம் பணமில்லை, ஜாமீன் கட்டச் சொல்லுங்கள் என்றது பெரிய கம்பெனி. டென்னிங் பிரபு என்ற நீதிபதி, பணம் இல்லை என்பதால் மட்டும் ஜாமீன் கேட்டுவிட முடியாது, நீதிபதி சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். வழக்கு உண்மையானதா, ஒப்புக்குப் போட்டதா? ஜெயிக்க வாய்ப்பு உண்டா? நியாயமான வழக்கை நசுக்குவதற்காகப் பணக்கார எதிராளி இந்த மனுவை ஆயுதமாக எடுக்கிறானா? கம்பெனி ஏழையானதே எதிராளி பாக்கி வைத்ததால்தானா? மனுவைக் காலம் கடத்திப் போட்டார்களா? அந்த வழக்கில் ஜாமீன் கேட்க மறுத்துவிட்டார்கள்.

நான்காவது கேள்வியைப் படித்தபோது எனக்கு நம் வ.உ.சி. நினைவுதான் வந்தது.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். முதலில் வாடகைக் கப்பல். பம்பாய்க்காரர்கள் கொடுத்த கப்பல்களை, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் நெருக்கடியால் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குக் கட்டணத்தைக் குறைத்தது, சுதேசிக் கம்பெனியும் குறைத்தது, கடைசியில் அவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்ற கதையை நான் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். குடை என்றதும் வகுப்பே சிரிக்கும். எத்தனையோ வருஷம் கழித்தும் என்னைப் பார்த்ததும், "சார், அந்தக் குடை!" என்பவர்கள் இருக்கிறீர்கள்.

வ.உ.சி. வக்கீல். தன் கம்பெனியை அழிப்பதற்காகவே எதிராளி நஷ்டத்துக்குக் கப்பல் ஓட்டுகிறான் என்று தெரிந்தும் அவர் ஏன் வழக்குப் போடவில்லை என்று ஒரு பையன் ஒரு தடவை கேட்டான். அப்போது அரசாங்கமே அவர்கள் பக்கம் என்று சொன்னேன். அது சரிதான். அதற்கு மேல் ஒன்றும் இருக்கிறது. 1891-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை மொகல் ஸ்டீம்ஷிப் கம்பெனி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சீனாவிலிருந்து தேயிலை ஏற்றும் கப்பல் முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து, கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்து, தங்களுக்கு மட்டுமே சரக்குத் தருபவர்களுக்குத் தள்ளுபடியும் கொடுத்து, மொகல் கம்பெனியை விரட்டினார்கள். அது வியாபாரப் போட்டி, குற்றமில்லை, நஷ்டஈடு கிடையாது என்றது தீர்ப்பு. தூத்துக்குடிக் குடைக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே லண்டனில் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

சும்மா ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். அந்தத் தீர்ப்பு இல்லை, சுதேசிக் கம்பெனி வழக்குப் போடுகிறது. எதிர் வக்கீல் என்ன சொல்லியிருப்பார்? "கனம் நீதிபதி அவர்களே, இந்தக் கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது, எங்கள் செலவுக்கு முதலில் ஜாமீன் கட்டச் சொல்லுங்கள்." நஷ்டத்தில் தள்ளியவனே நஷ்டத்தைக் காட்டி வாயை அடைப்பது. டென்னிங் கேட்ட நான்காவது கேள்வி இதற்காகத்தான். நடந்தது வேறு. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றம் பிறகு குறைத்தது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே 1911 ஜூனில் நம் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். வ.உ.சி.யின் வக்கீல் சன்னது பறிக்கப்பட்டு, பின்னாளில் நீதிபதி வாலஸ் முயற்சியால் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

ஆகவே என் மாணவியிடம் சொன்னேன்: அந்தக் கம்பெனியின் வாதத்தைப் பொய் என்று தூக்கி எறியாதே, தேதிகளை எடுத்து வை. குத்தகைப் பணம் நின்ற தேதி எது, பூட்டுப் போட்ட தேதி எது? இரண்டுக்கும் நடுவே இரண்டு வருஷம் இருக்கிறது. பூட்டுவதற்கு முன்னாலேயே அவர்கள் கணக்கில் பணம் இல்லை என்பதை அவர்களே அரசாங்கத்துக்குக் கொடுத்த ஆண்டறிக்கை சொல்கிறது. வக்கீலும் அதைத்தான் செய்கிறார் என்றாள். நல்ல வக்கீல்.

இன்னொன்றும் கேட்டாள். "அந்த டைரக்டர்கள் ரெண்டு பேரும் காரில் வர்றாங்க சார். அவங்ககிட்டப் பணம் இருக்கே?" நியாயமான கேள்வி. 1995-இல் இங்கிலாந்தில் கியரி டெவலப்மென்ட்ஸ் என்ற கம்பெனி டார்மாக் மீது போட்ட வழக்கில், கம்பெனியின் சொந்தக் கையிருப்பை மட்டும் பார்த்தால் போதாது, அதன் இயக்குநர்கள், பங்குதாரர்கள், பின்னால் நிற்பவர்கள் ஆகியோரிடமிருந்து பணம் திரட்ட முடியுமா என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஜாமீன் கேட்டால் எங்கள் வழக்கே செத்துவிடும் என்று சொல்கிற கம்பெனி, பணம் புரட்ட வழியே இல்லை என்று காட்ட வேண்டும். இது இங்கிலாந்துத் தீர்ப்பு. நம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. வக்கீல் எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

நம் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. 2001-இல், கேரளத்தில் தொடங்கி டெல்லிவரை போன யூனியன் வங்கி – காதர் இன்டர்நேஷனல் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில், ஒரு லிமிடெட் கம்பெனியே 33-ஆவது கட்டளையின்படி "நான் ஏழை, கட்டணம் கட்ட முடியாது" என்று கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தில் "நபர்" என்றால் கம்பெனியும் நபர்தான் என்பது காரணம். வெள்ளை வேட்டி கட்டிய பாப்பர்! சிரிப்பு வந்தாலும், வங்கி போன்ற பெரிய எதிராளி முன்னால் நிற்கும் சின்னக் கம்பெனிக்கு இது தேவைப்படலாம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

2010-இல் வினோத் சேத் வழக்கு. டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு வாதியிடம், நீ தோற்றால் பிரதிவாதிக்கு 25 லட்சம் தருகிறேன் என்று முதலிலேயே உறுதிமொழி எழுதிக் கொடு என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீண் வழக்கைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் சட்டத்தில் இல்லாத ஒரு சுங்கச்சாவடியைக் கோர்ட் வாசலில் நீதிபதி தானாக வைக்க முடியாது என்பது அதன் சாரம். நான் இதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஜாமீன் என்பது எதிராளியின் வழக்குச் செலவுக்கு. வாதியைப் பயமுறுத்துவதற்கு அல்ல.

இனி மாணவியின் முதல் கேள்வி. ஜெயித்தால் பணம் திரும்பி வருமா? வரும், ஆனால் கொஞ்சம்தான். இங்கிலாந்தில் தோற்றவர் ஜெயித்தவரின் செலவில் பெரும் பகுதியைக் கொடுக்க வேண்டும். அதனால்தான் அங்கே இந்த ஜாமீனுக்கு இவ்வளவு மவுசு. நம் ஊரில் டிக்ரியோடு வரும் செலவுத் தொகை, வக்கீலுக்குக் கொடுத்ததில் ஒரு ஓரம். பொய் வழக்குக்கு என்று 35-ஏ பிரிவில் தரும் ஈட்டுத் தொகைக்கு உச்ச வரம்பு 3,000 ரூபாய். இன்றைக்கு அது மூன்று பேர் குற்றாலத்தில் ஒரு நாள் தங்கப் போதுமா என்று பாருங்கள். நம் சேலம் வக்கீல்கள் சங்கம் கொண்டுபோன வழக்கில் 2005-இலேயே உச்ச நீதிமன்றம், செலவு என்றால் உண்மையான, நியாயமான செலவாக இருக்க வேண்டும், பெயருக்கு இருக்கக் கூடாது என்று சொல்லியது. 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது பெரிய வணிக வழக்குகளுக்கு மட்டும் இந்த விதி கொஞ்சம் பலப்பட்டது. தென்னந்தோப்பு வழக்குக்கு அந்தக் கதவு திறக்குமா என்பது தொகையையும் வழக்கின் தன்மையையும் பொறுத்தது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இதை எல்லாம் அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ இந்த ஜாமீன் மனு எதுக்கு சார்?" என்றாள். பணத்துக்காக மட்டும் இல்லை அம்மா என்றேன். ஜாமீன் கட்டு என்று உத்தரவு வந்தால், பின்னால் இருக்கும் ஆட்கள் தங்கள் சொந்தப் பையில் கை விட்டாக வேண்டும். வழக்கு உண்மை என்று அவர்களே நம்பினால் விடுவார்கள். உன்னை வருஷக் கணக்கில் வாய்தாவுக்கு அலைய வைத்து, கடைசியில் தோப்பை மலிவாக எழுதி வாங்குவதுதான் எண்ணம் என்றால் யோசிப்பார்கள். மனு மீது உத்தரவு இன்னும் ஆகவில்லை. விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஜாமீன் என்றதும் நம் பக்கத்து ஜமீன் வழக்குகள் ஞாபகத்துக்கு வருகின்றன. சிவகிரி ஜமீன் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1882-இல் தீர்ந்தது. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் கையில் வந்த ஜமீன் சொத்து பொறுப்பா என்பது கேள்வி. முத்தையன் செட்டியார் கடன் கொடுத்தவர், சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியார் ஜமீன்தார். செட்டியார் பக்கம் தீர்ப்பு. லண்டனுக்கு அப்பீல் போவதென்றால் எதிராளியின் செலவுக்கு ஜாமீனும் கட்ட வேண்டும், வழக்குக் கட்டு முழுவதையும் மொழிபெயர்த்து அச்சடித்து அனுப்பும் செலவையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். சாமானியன் அந்தப் படியில் ஏற நினைக்கவும் முடியாது. அதனால்தான் பிரிவி கவுன்சில் தீர்ப்புகளைப் புரட்டினால் ராஜாக்களும் ஜமீன்தார்களும் செட்டியார்களுமாகவே இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்து உறவினர்கள் வீட்டுப் பரண்களில் பழைய தகரப் பெட்டிகள் இருக்கும். 1956-க்கு முன்னால் உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ எல்லைக்கு இந்தப் பக்கம் வழக்குப் போட்டு, "செலவுக்கு ஜாமீன்" என்று பணமோ பத்திரமோ கட்டியதற்கு ரசீதோ உத்தரவு நகலோ இருந்தால், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பினாலும் போதும். வக்கீல் தொழிலில் இருக்கும் பழைய மாணவர்கள், இப்போது நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் கம்பெனிகள் மீது இந்த மனு எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று கீழே எழுதினால் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் உதவியாக இருக்கும்.